திண்டுக்கல்லில் நான்தான் சர்வதேசம்

மலேசியாவில், ஈப்போ நகரில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டில், மருத்துவர்கள் நிறைந்த சபையில், ஒரு தடவையாவது சொற்பொழிவு ஆற்றியிருக்க வேண்டும். ஆற்றாதவன் சாகக் கிடந்தவனை எழுப்பி நடக்க வைத்தாலும் 'முதுநிலை நிபுணர்' ஆக முடியாது. நான் இரண்டு முறை நேர்காணலுக்குப் போய் இரண்டு முறையும் இந்த விதியில் தடுக்கி விழுந்தவன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் பாங்காக் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தான். இப்போது என் விடுப்புக்கு அவன் கையெழுத்துப் போடுகிறான். வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது.

எனக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு 'பயிற்சிப் பொறுப்பாளர்' பதவி. நர்சுகளை நேர்காணல் செய்வது, அவர்களுக்கு வகுப்பு எடுப்பது, இதெல்லாம் என் தலையில். அதற்குச் சம்பளம் இல்லை, அறை இல்லை. ஒரு ரப்பர் முத்திரை மட்டும் உண்டு. மேசையில் வைத்தால் எவனாவது எடுத்துப் போய்விடுவான் என்று அதைக் கைப்பையிலேயே வைத்திருப்பேன். அதைக் குத்தினால் யாருக்குக் குத்தினேன், என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

இந்த நிலையில்தான் இணையக் கூட்டம் ஒன்றில் பழக்கமான திண்டுக்கல் டாக்டர் தவமணி கூப்பிட்டார். அவர்கள் சங்கம் இந்த வருடம் 'சர்வதேச மருத்துவ மாநாடு' என்று பேனர் அடித்துவிட்டதாம். அடித்த பிறகுதான் வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்திருக்கிறது.

"நீங்க ஒருத்தர் வந்தாப் போதும் டாக்டர், சர்வதேசம் ஆயிரும்" என்றார்.

தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'மருத்துவரின் தொழில் வளர்ச்சி'. இத்தனை வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு உண்டா? உடனே ஒப்புக்கொண்டேன்.

*

திண்டுக்கல்லில் முதல் நாள் முழுக்கப் பிரியாணிப் பஞ்சாயத்து. எனக்கென்று விட்ட காரின் ஓட்டுநர் முருகேசன், வாயில் வெற்றிலையும் மனத்தில் அசைக்க முடியாத கருத்துகளும் உள்ளவர். காலையில், "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார். "பசியாறிட்டேன்" என்றேன். எங்கள் ஊரில் அதற்குக் காலை உணவு முடிந்தது என்று பொருள். அவர் பாவம், நான் பசி தாங்காமல் எதையோ தின்று சமாளித்ததாக நினைத்து நேராக ஒரு பிரியாணிக் கடைக்கு வண்டியை விட்டார்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இங்கயா சாப்டீங்க? இது வெளியூர்க்காரங்க சாப்புடுற கடை சார். உள்ளூர்க்காரன் எவனும் இங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான்." அவர் காட்டிய கடைக்கு மத்தியானம் போனேன். அங்கே பக்கத்து இலைக்காரர் அதே வாக்கியத்தைச் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் எங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாக் கடையிலும் கூட்டம் நெரிந்தது. சீரகச் சம்பாச் சோறு குண்டுமணி மாதிரி தனித்தனியாக விழுந்தது, வாய்க்கு நன்றாகவே இருந்தது. ஈப்போவில் சோற்றுக்கு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் கைப்பேசியைப் பார்ப்பான். இங்கே நம் தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறான்.

சாயங்காலம் தவமணி அறைக்கு வந்தார். கட்டை மீசை, கனத்த குரல். ஊரில் ஒரு ஆஸ்பத்திரி, வேடசந்தூரில் ஒரு கிளை. மாநாட்டின் இலக்கணத்தை எனக்கு விளக்கினார். இங்கே டாக்டர்கள் பதிவைப் புதுப்பிக்க இந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பார்வையாளர் வந்து அரங்கை எட்டிப் பார்த்துத் தலை எண்ணுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கேட்டவர்களுக்குப் புள்ளி, பேசியவனுக்குச் சான்றிதழ்.

"உங்க பேச்சக் கடைசியில வச்சிருக்கோம் டாக்டர். பிரியாணிக்கு முன்னாடி. அதான் மரியாதையான எடம்" என்றார்.

நம்பினேன். புத்தி வேண்டாமா எனக்கு?

*

இரண்டாம் நாள் என்னைக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு இலவச முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். சங்கத்தின் சேவையாம். கள்ளிக்காட்டுக்குத் தகரக் கூரை போட்ட மாதிரி ஒரு பள்ளிக்கூடம். வாசலில் என் முகம் அச்சடித்த பேனர். 'மலேசியா புகழ் வெளிநாட்டு நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். மலேசியாவுக்கே தெரியாத புகழ் அது.

மழையை நம்பிப் பயிர் வைக்கும் மண். சோளம் அறுத்துக் காய்த்துப்போன கைகளோடு ஒரு அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தார். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஏப்பா, நீ தமிழு பேசுற?"

"ஆமாம்மா, தமிழ்தான்."

"வெளிநாட்டு டாக்டருன்னாகளே! தமிழு பேசுற டாக்டரு எங்கூர்லயே இருக்காரே. அவருகிட்டப் போனா ஊசியாச்சும் போடுவாரு." எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வந்தவர்களிடம் நான் கொஞ்சம் மலாயும் கலந்து பேசினேன். மரியாதை தானாக வந்தது.

திரும்பும் வழியில் எரியோட்டுக்குச் சற்று முன்னால் கார் இருமி, குலுங்கி, நின்றது. முருகேசன் இறங்கி முன்மூடியைத் திறந்து, பேஷண்டின் சொந்தக்காரரிடம் கெட்ட செய்தி சொல்லும் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார். "அம்புட்டுதான் சார். மெக்கானிக் வரணும். இந்தா மில்லு பஸ்ஸு வருது. வேடசந்தூர்ல எறங்கித் திண்டுக்கல்லுக்கு மாறிக்கங்க." அவரே கையைக் காட்டி நிறுத்தி, நூற்பாலைக்கு ஷிஃப்ட் போகும் பெண்கள் நிறைந்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்.

"ஏய், ஒரு சார் வாராரு, எடம் விடுங்கடி" என்று யாரோ குரல் கொடுக்க, ஒரு இருக்கை காலியானது. பக்கத்தில் இருந்த பெண் மட்டும் மில்லுக்காரி இல்லை. வெளிர்நீலச் சுடிதார், மடியில் ஒரு பை, உதடு அசைகிறது. ஏதோ ஜெபம் என்று நினைத்தேன். காதைத் தீட்டினால், தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"நேர்காணலா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டாள். நான் டாக்டர், அதுவும் வெளியூர் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு வந்தது. பெயர் செல்வராணி. வேடசந்தூரில் தவமணியின் கிளை ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டவுன் பஸ் வராத நாளில் மில் பஸ்ஸில் தொற்றிக்கொள்வாள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை அவளைக் கைப்பேசி வழியாக நேர்காணல் செய்யப்போகிறது.

"எங்க டாக்டருக்குத் தெரியாது சார். தெரிஞ்சா நாளைக்கே என்னைய நிப்பாட்டிருவாரு. தயவுசெஞ்சு சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்மா. என்ன பயம் உனக்கு?"

"போன வருசம் என்னென்ன பயிற்சியில கலந்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்களாம் சார். சான்று காட்டணுமாம். எங்களுக்கு யாரு சார் பயிற்சி குடுக்குறா? அது ஒண்ணு இல்லாம ரெண்டு இடம் போயிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அட, இவளும் என் விதியில்தான் தடுக்கி விழுந்திருக்கிறாள்! "நாளைக்கு என் சொற்பொழிவு இருக்கிறது, வாயேன்" என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

"அது டாக்டர்களுக்கு சார்" என்று சிரித்துவிட்டு வேடசந்தூரில் இறங்கிப் போனாள்.

*

மூன்றாம் நாள் மாநாடு. கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு ஒரு பையும் சாப்பாட்டு டோக்கனும் வாங்கினார்கள். முன்வரிசையில் ஒரு டாக்டர் இன்னொருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "மாஸ்டர் எத்தன மணிக்குத் தம்மு உடைக்கிறாராம்?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. முருகேசன்தான் பின்னால் விளக்கினார். தம் உடைப்பது என்றால் அண்டாவின் மூடியைத் திறப்பது. திறந்துவிட்டால் இந்த ஊரில் சமையல் மாஸ்டர் கலெக்டருக்கும் காத்திருக்க மாட்டார். முதல் பந்திக்குத்தான் நல்லி எலும்பு. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

என் முறை வருவதற்கு முன்னால் ஓய்வறைக்குப் போயிருந்தேன். திரும்பி மேடைக்கு வந்தால் அரங்கு நிறைந்திருக்கிறது. வரிசை வரிசையாக வெள்ளைக் கோட்டு. எல்லார் கையிலும் பேனா. ஒருவர்கூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. தவமணி என்னை அறிமுகப்படுத்தி, பொன்னாடை போர்த்தி, மடமடவென்று இறங்கி எங்கோ போனார்.

"மதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களே" என்று தொடங்கினேன். வளர்ச்சி என்பது ஏணி என்றேன், முதல் படி தன்னம்பிக்கை என்றேன். எழுதிக்கொண்டார்கள்! என் வாழ்நாளில் நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டதைப் பார்த்ததில்லை. பெருமையோடு முதல் வரிசையைப் பார்த்தேன். தோள் தொங்கி, கை நீண்ட ஒரு கோட்டு. அதன் பையில் நூலால் தைத்திருந்தது: 'டாக்டர் தவமணி, எம்.டி.' கோட்டுக்கு மேலே இருந்த முகம் செல்வராணியின் முகம்.

பேச்சை நிறுத்தினேன். மற்ற கோட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் இரவல். ஒல்லிப் பிள்ளைகள் மேல் தொப்பை டாக்டர்களின் கோட்டு.

"நீ எப்படிம்மா இங்கே?" மைக்கில்தான் கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "எல்லா ஆஸ்பத்திரியிலருந்தும் நர்சுங்க, லேப் ஆளுங்களைக் கூட்டியாந்தாங்க சார். பார்வையாளர் வந்து எண்ணிட்டுப் போறவரைக்கும் உக்காரச் சொன்னாங்க. தம்மு உடைச்சாச்சு, அதான் டாக்டர்ங்க எல்லாம் சாப்புடப் போயிட்டாங்க." என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "நீங்க பேசுங்க சார். நாங்க வெறும் கோட்டுதான் சார்" என்றாள்.

அந்நேரம் பார்த்துக் கதவோரம் ஒரு தலை தெரிந்தது. பார்வையாளர். விரலால் காற்றில் எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார், பிரியாணி மணம் வரும் திசையில் நடந்தார்.

கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம்! விமானம் ஏறி வந்தது கோட்டுகளுக்குப் பேசவா? மடிக்கணினியை மூடினேன். மூடிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, ஏணி கிடக்கட்டும். நான் எங்கள் ஊரில் நர்சுகளை நேர்காணல் செய்கிறவன். அதைப் பழகுவோமா?" என்றேன்.

நாற்காலிகள் தானாக முன்னால் நகர்ந்தன. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். அப்பா பேரு, ஊரு, அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம், மாமா பார்க்கும் வேலை எல்லாம் வந்தது. அவள் மட்டும் வரவில்லை. லேப் தம்பி ஒருவனிடம், "உங்கள் திறமை என்ன?" என்றேன். "பெருசா ஒண்ணும் இல்ல சார். சொல்லிக் குடுத்தாச் செய்வேன்" என்றான். அடுத்தவள், "எனக்கு ஒண்ணுந் தெரியாது சார், நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். எவரைக் கேட்டாலும் இதே பாட்டு. கல்யாண வீட்டில் சொன்னால் நல்ல பிள்ளை என்பார்கள். நேர்காணலில் சொன்னால் கதவைக் காட்டுவார்கள்.

"ஏம்மா இப்படி?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"நம்மள நாமளே மெச்சிக்கிட்டா வீட்ல வைவாங்க சார். கண்ணு பட்டுரும்பாங்க."

"மெச்ச வேண்டாம். நடந்ததைச் சொல். நீ தனியாகச் சமாளித்த ஒரு நாளைச் சொல்."

"ஒரு மில்லுப் பிள்ள வலி எடுத்து வந்துச்சு சார். நான் ஒருத்திதான் டூட்டி. டாக்டருக்குப் போன் போட்டேன், செத்த நேரத்துல வாரேன்னாரு. பிள்ளை காத்திருக்குமா? நானே பாத்தேன். தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க. டாக்டர் அப்புறமா வந்து கையெழுத்துப் போட்டாரு."

"எந்த டாக்டர்?"

அவள் மெதுவாகக் குனிந்து தன் கோட்டுப் பையைப் பார்த்தாள். மண்டபமே சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"இதைத்தான் சொல்லணும். பேரை மட்டும் விட்டுடு" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்து நடந்ததைச் சொல்லச் சொல்ல, நான் திருத்தினேன். சில பேரிடம் திருத்த ஒன்றுமில்லை. பொழுது போனதே தெரியவில்லை.

முடிந்ததும் செல்வராணி மேடையோரம் வந்தாள். "சார், இன்னைக்கு வந்ததுக்கு எங்களுக்கு ஒரு சான்று கெடைக்குமா?"

"ஏன் கிடைக்காது?" என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தேன்.

*

பார்வையாளர் நல்லி எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். "உக்காருங்க டாக்டர், ஆறிரும்."

"சார், அரங்கில் இருந்தவர்கள் டாக்டர்கள் இல்லை."

"தெரியும். ஒரு கோட்டும் தோள்ல நிக்கல. நான் கோட்டத்தான் எண்ணுனேன்."

"தெரிந்துமா கையெழுத்து?"

எலும்பை இலையோரம் வைத்தார். "போடலன்னா அடுத்த மாநாட்டுக்கு வேற ஆளக் கூப்பிடுவாங்க டாக்டர். எனக்கும் தொழில் வளர்ச்சி வேணும்ல?" நர்சுகளுக்குச் சான்று தருவது தன் கையில் இல்லை, அதற்கு வேறு ஆபீஸ் என்றார். அந்த ஆபீசுக்கு இந்த மாநாடு நடப்பதே தெரியாது என்றும் சொன்னார்.

தவமணி ஓடி வந்து என் கையில் சட்டம் போட்ட சான்றிதழைத் திணித்தார். தங்க எழுத்தில் 'சர்வதேசப் பேச்சாளர்'. கூடவே நினைவுப் பரிசாகக் கையகலத் திண்டுக்கல் பூட்டு ஒன்று. சாவியைக் காணோம். "சாவி கொரியர்ல வரும் டாக்டர்" என்றார்.

வந்த வேலை முடிந்தது. இதை ஊரில் நீட்டினால் நான் முதுநிலை நிபுணர். அந்தப் பையன் என் விடுப்பில் கையெழுத்துப் போட வேண்டாம். நான் அவன் விடுப்பில் போடலாம்! பையில் முத்திரை இருப்பது அப்போதுதான் உறுத்தியது. அதைக் குத்தினால் கேட்டவர்கள் நர்சுகள் என்று என் கையாலேயே பதிவாகும். கேட்டவர்கள் நர்சுகள் என்றால் இந்தத் தங்க எழுத்துக்கு ஈப்போவில் மதிப்பில்லை.

நல்ல இக்கட்டு! இந்த வயதில் எனக்கு இது தேவையா? பாங்காக்கில் போய்ப் பேசியிருக்கலாம் என்று மனசாரப் புலம்பிக்கொண்டே வெளியே வந்தேன்.

மண்டபத்தின் பக்கவாட்டில் நர்சுகள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பிரியாணி தீர்ந்துவிட்டதாம். தக்காளிச் சோற்றுப் பொட்டலம். வெஞ்சனம் என்று ஒன்றுமில்லை, ஊறுகாய் மட்டும். செல்வராணி தவமணியின் கோட்டைக் கறை படாமல் மடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று சாப்பிட்டாள். என்னைப் பார்த்ததும், "கெடைக்கலயா சார்? பரவால்ல சார்" என்றாள்.

அந்தப் 'பரவால்ல'தான் என்னைக் கெடுத்தது.

எதிரே செராக்ஸ் கடை. எங்கள் மருத்துவமனையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்று பையில் இருந்தது. அதில் நேர்காணல் பயிற்சி பெற்றதற்கான சான்று எழுதி நகல் எடுத்தேன். செல்வராணிக்கு மட்டும் கொடுத்தால் தவமணிக்குப் பொறி தட்டும். அதனால் பொட்டலத்தோடு நின்ற எல்லோர் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதி, டமால் டமால் என்று முத்திரை குத்தினேன். சம்பளமில்லாத பதவி அன்றைக்குத்தான் சத்தம் போட்டது.

தவமணி பல்குத்தியோடு வந்து ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. "என்ன டாக்டர் இது? நாலு பேரு இதக் காட்டிக் கெளம்பிட்டா என் ஆஸ்பத்திரிய யாரு பாக்குறது?"

"கோட்டு இருக்கிறதே டாக்டர், அது பார்த்துக்கொள்ளும்" என்றேன். விமான நிலையம்வரை கார் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. பஸ்ஸில்தான் போனேன்.

*

ஈப்போவில் நேர்காணல் குழுத் தலைவர் சான்றிதழையும் என் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மணிமாறன், டாக்டர் ஒருவர்கூட வரவில்லையா?"

"கோட்டெல்லாம் வந்திருந்தது."

"கோட்டு கணக்கில் சேராது."

மூன்றாவது தடவையும் போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். பூட்டுக்குச் சாவியும் வரவில்லை. என் விடுப்புக்கு இன்னும் அந்தப் பையன்தான் கையெழுத்துப் போடுகிறான்.

சில மாதம் கழித்து ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. "சார், செல்வராணி பேசுறேன். மஸ்கட்லருந்து." வேலை கிடைத்துவிட்டதாம். அந்த மில்லுப் பிள்ளை கதையைத்தான் சொன்னாளாம், பேரை விட்டுவிட்டு. இப்போது அவள் வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவளிடம். "நீங்க வந்து ஒரு வகுப்பு எடுக்கணும் சார். சர்வதேசப் பேச்சாளர்னு எழுதிக் குடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்கப்போவது யாரம்மா?"

"நர்சுங்கதான் சார். டாக்டர்ங்க யாரும் வர மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் ஒண்ணு சார். சாப்பாட்டுக்குப் பிரியாணி கெடையாது. தக்காளிச் சோறுதான்."

"அப்படியென்றால் கடைசிவரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். வாரேன்" என்றேன்.